மார்கழியில் இளகிய பாகு

டிசம்பர் 1

இந்த நோட்டை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். போன வருடத்து அறிவியல் ரெக்கார்டு. முன்பக்கம் முழுவதும் பூவின் குறுக்குவெட்டு, இதயம், விதை முளைக்கும் படம். நான் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டாள். அப்பாவுக்கு இரவு ஷிப்ட். போர்வைக்குள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணிக்கொண்டு போகிறது.

எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. பம்பின் சத்தம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் வீடு சர்க்கரை ஆலைக் குடியிருப்பில் கடைசி வரிசை. பின்கதவைத் திறந்தால் முட்டி உயரத்தில் ஓர் இரும்புக் குழாய். ஆலைச் சுவரில் உள்ள ஓட்டை வழியாக வெளியே வந்து, எங்கள் வீடுகளின் பின்னால் ஓடி, லாரி நிற்கும் இடத்துக்குப் போகிறது. உள்ளே போவது மொலாசஸ். கரும்புச்சாற்றில் சர்க்கரையை எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்புப் பாகு. ஆலைக்குள் மாடி வீடு உயரத்துக்கு ஓர் இரும்புத் தொட்டியில் போன அரவையின் பாகு கிடக்கிறது. அடுத்த அரவை பொங்கலுக்குப் பிறகுதான். அதுவரை தொட்டிக்குப் புதிதாக ஒரு சொட்டும் வராது.

அந்தத் தொட்டிக்கு என் அப்பா பம்ப் ஆபரேட்டர். பக்கத்து வீட்டு தாஸ் மாமா தொட்டியின் மேலே ஏறிக் கம்பி விட்டுப் பாகின் ஆழம் பார்ப்பவர். அதை ‘டிப்பு எடுப்பது’ என்பார்கள். தொட்டி மூடியின் சாவி எப்போதும் தாஸ் மாமாவின் இடுப்பில் தொங்கும். அவர் மகள் ஜெசிந்தாவும் நானும் பிளஸ் ஒன்னில் ஒரே பெஞ்சு.

பாகு குளிரில் கெட்டியாகும். பனிக்காலத்தில் பம்பைப் போட்டால் பாரம் ஏற்றிய லாரி மேட்டில் ஏறுவதுபோல முனகும். பிறந்ததிலிருந்து அந்த முனகலைக் கேட்டுத்தான் தூங்குகிறேன்.

இப்போது பம்ப் ஓடுகிறது. முனகவில்லை. மிக்ஸி போல லேசாகச் சுற்றுகிறது. ராத்திரியில் லாரியும் வருவதில்லை.

சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். “லைன் உறைஞ்சிடாம இருக்க சும்மா சுத்த விடறோம்” என்றார். மற்ற வருடங்களில் உறையவில்லையா என்று கேட்க நினைத்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

டிசம்பர் 3

இன்று இயற்பியல் செய்முறை. பாகுநிலை. உயரமான கண்ணாடிக் குடுவைகளில் வேறு வேறு திரவங்களை ஊற்றி, சைக்கிள் கடைக் குண்டைப் போட்டு, எதில் மெதுவாக இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். விளக்கெண்ணெயும் தண்ணீரும் பள்ளியில் இருந்தன. பாகு கொண்டுவருவதாக நானும் ஜெசிந்தாவும் சொல்லியிருந்தோம்.

எங்கள் பின்கதவுக்கு நேராக இரண்டு குழாய்கள் போல்ட்டு போட்டுச் சேரும் இடம் இருக்கிறது. பிளாஞ்ச் என்பார் அப்பா. அங்கே எப்போதும் கசியும். சொட்டாது, நூலாக இறங்கும். சின்ன வயதில் ஈர்க்குச்சியில் அதைத் தொட்டு, யார் நூல் அறாமல் அதிக தூரம் போவது என்று விளையாடுவோம். காலையில் ஒரு பாட்டிலில் அங்கே பிடித்தோம். ஸ்டெல்லா அத்தை ஆட்டுத் தீவனத்துக்காகப் போன பங்குனியில் பிடித்து வைத்த பாட்டில் ஒன்றையும் ஜெசிந்தா எடுத்து வந்தாள். ஸ்டெல்லா அத்தை அவள் அம்மா.

பழைய பாகில் குண்டு போகலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல இறங்கியது. இன்று பிடித்த பாகில் போட்டவுடன் ‘டிக்’ என்று அடியில் தட்டியது.

“தண்ணி கலந்து எடுத்தாந்துட்டாளுங்க டீச்சர்!” என்று பின்பெஞ்சு கத்தியது. வகுப்பே சிரித்தது.

“ஏம்மா, செய்முறைக்குக் கொண்டு வர்றதுலகூடக் கலப்படமா?” என்றார் டீச்சர்.

“சத்தியமா கலக்கல டீச்சர். நேரா கொழாயிலேர்ந்து புடிச்சது” என்றாள் ஜெசிந்தா. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

டீச்சர் குடுவையைச் சாய்த்துப் பார்த்தார். “குளிர்ல பாகு கெட்டியாகணும். இது இளகியிருக்கு. அதே குடுவை, அதே குண்டு. வேகம் மாறுதுன்னா உள்ள இருக்கற பொருள் மாறியிருக்குன்னு அர்த்தம். நீங்க கலக்கலன்னா வேற யாரோ கலந்திருக்காங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த குடுவைக்குப் போய்விட்டார்.

நான் பாட்டிலை அவசரமாக மூடினேன். ஏன் என்று தெரியவில்லை.

டிசம்பர் 4

சாப்பிடும்போது நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அப்பாவின் கை தட்டிலேயே நின்றது.

“எங்கேர்ந்து புடிச்சீங்க?”

“பின்னால பிளாஞ்சுலேர்ந்துதான்.”

“தாஸுக்குத் தெரியுமா?”

“ஜெசிந்தா சொல்லியிருப்பாப்பா.”

பிறகுதான் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

டிசம்பர் 5

காலையில் அப்பா பிளாஞ்சை முறுக்கிக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் கசிந்தது இன்று எதற்கு என்றால், “எறும்பு வருது” என்றார்.

அவரிடம் நீளமான ஸ்பேனர் இரண்டு இருக்கிறது. ஒன்றை என்னிடம் கொடுத்து, “போல்ட்டு தலைய இதால கெட்டியா புடிச்சிக்க. புடிக்கலன்னா நட்டோட சேந்து அதுவும் சுத்தும். எவ்ளோ பலசாலியா இருந்தாலும் ஒத்த ஆளால முடியாது” என்றார். பிடித்துக்கொண்டேன். கசிவு நின்றது. அதன்மேல் சாக்கைச் சுற்றிக் கம்பியால் கட்டினார்.

தொட்டியடியில் இருக்கும் வால்வை மூடிவிட்டால் குழாயே காலியாகிவிடுமே என்றேன். அது துருப்பிடித்துத் திறந்தபடியே நின்றுபோய் வெகுகாலம் ஆகிறதாம். “இந்தக் கொழா எப்பவும் ரொம்பித்தான் நிக்கும்” என்றார்.

பள்ளிக்கு நேரமாகிவிட்டது. விரலில் பாகு வாசனை இருந்தது. வேறு ஒன்றும் விசேஷமில்லை.

டிசம்பர் 7

இன்று பள்ளி விடுமுறை. யூனிபார்ம் துவைத்தேன். தேர்வு அட்டவணை எழுதினேன். வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தது. தவணையில் என்று அப்பா சொன்னார். அம்மா இன்னும் அதில் ஒரு தண்ணீர் பாட்டில்கூட வைக்கவில்லை. எங்களைப் பார்க்க வந்திருக்கும் யாரோபோல அது கூடத்தில் நிற்கிறது.

மத்தியானம் லாரி டிரைவர் ஒருவர் குடிக்கத் தண்ணீர் கேட்டுப் பின்கதவுக்கு வந்தார்.

“என்னா ஆபரேட்டரே, உங்க பாகு ரசமா ஓடுது! போன மார்கழில லாரி ரொம்பறதுக்குள்ள ரெண்டு தூக்கம் போட்டு எழுந்தன். இன்னிக்கு டீ ஆறல, லாரி ரொம்பிடுச்சி.”

“புதுசா நீராவி விட்டு சூடு பண்றாங்க. அதான் இளகிப் போவுது. நீ தண்ணிய குடிச்சிட்டுக் கெளம்பு” என்றார் அப்பா.

டிரைவர் போனதும், அப்பா உள்ளே போனதும், நான் குழாயின்மேல் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். ஐஸ் போலக் குளிர்ந்திருந்தது.

குளியலறை மூலையில் ஒரு பச்சை ஹோஸ் சுருட்டிக் கிடக்கிறது. அதன் நுனியில் எறும்பு. நமக்குத் தோட்டம் இல்லையே என்று அம்மாவிடம் கேட்டேன். “உனக்குப் பரீட்ச இருக்கில்ல? போய்ப் படி” என்றாள்.

டிசம்பர் 11

துணி காயப்போடும் இடத்தில் தாஸ் மாமா அப்பாவைக் கூப்பிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை. நின்றிருந்தேன்.

“அண்ணே, டிப்பு ஏறிக்கிட்டே வருதுண்ணே.”

“ஏறுதா?”

“போன வாரத்தவிட ஒரு சாண் மேல நிக்குது. லாரி எடுத்துட்டுப் போவுது, பாகு கூடுது. என்னாண்ணே கணக்கு இது? வேளாங்கண்ணி மாதா வந்து ஊத்திட்டுப் போறாளா?”

“கம்பிய நேரா விட்டியா?”

“நேத்து இன்னிக்கா விடறன்? மேல ஒரே நுரைண்ணே. கம்பில ஒட்ட மாட்டேங்குது, வழிஞ்சி ஓடுது.”

அப்பா அவர் தோளில் தட்டினார். “கொறஞ்சாத்தான்டா கேள்வி கேப்பான். ஆபீசுக்கு வேண்டியது ஆழம். கெட்டியா இருக்கா, இளகலா இருக்கான்னு எவன் கேக்கறான்?”

தாஸ் மாமா அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு “அதுவும் சரிதாண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா அந்த நேரமெல்லாம் ஒரே புடவையைப் பிழிந்துகொண்டிருந்தாள். அதில் தண்ணீரே இல்லை.

டிசம்பர் 13

குடியிருப்பு முழுவதும் புளித்த மாவு நாற்றம். தொட்டிப் பக்கமிருந்து வருகிறது. இட்லிக்குப் பொங்கிய மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வருமே, அந்த வாசனை. கெட்டிப் பாகு எத்தனை வருடமானாலும் புளிக்காது, தண்ணீர் சேர்ந்தால்தான் புளிக்கும் என்று வேதியியல் டீச்சர் சொன்னார். புளிக்கும்போது கரியமில வாயு வருமாம். காற்றைவிடக் கனமானதாம், பள்ளத்தில் தங்குமாம். எதற்குக் கேட்கிறாய் என்றார். சும்மா என்றேன்.

ஜெசிந்தா சொன்னாள்: “எங்கப்பா நாளைக்கி மேனேஜர்கிட்ட சொல்லப் போறாருடி. நம்ம பாட்டில் ரெண்டையும் எடுத்துட்டுப் போவாராம். குண்ட போட்டுக் காட்டுவாராம்.”

இதை அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்கும்போது வாயில் வந்துவிட்டது.

டிசம்பர் 14

ஜெசிந்தா வீட்டு ஆட்டுக்கொட்டகையில் வைத்திருந்த பாட்டில்கள் இரண்டையும் காணவில்லை. காட்ட எதுவும் இல்லாததால் தாஸ் மாமா மேனேஜரிடம் போகவில்லை. ஸ்டெல்லா அத்தை தேடினார். நானும் கூட இருந்து தேடினேன்.

டிசம்பர் 16

எழுதவே கை வரவில்லை. முற்பகலில் மேனேஜரும் ஆட்களும் தாஸ் மாமா வீட்டுக்கு வந்தார்கள். தொட்டிப் பாகைத் திருடி விற்றுவிட்டு, ஆழம் குறையாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார் என்று யாரோ போனில் சொன்னார்களாம். சாவி அவரிடம்தானே இருக்கிறது என்றார்கள். ஆட்டுக்கொட்டகையில் தழைக்கட்டுக்கு அடியிலிருந்து ஒரு ஹோஸை இழுத்து வெளியே போட்டார்கள். நுனியில் பாகு காய்ந்திருந்தது.

பச்சை ஹோஸ்.

பச்சை ஹோஸ் உலகத்தில் எத்தனையோ இருக்கும். கடையில் எல்லாமே பச்சையாகத்தான் தொங்குகிறது.

“நான் டிப்பு எடுக்கறவன் சார். தண்ணி ஊத்திட்டு நானே வந்து டிப்பு ஏறுதுன்னு சொல்லுவனா?” என்று தாஸ் மாமா கேட்டார். “எங்க வந்து சொன்ன? யார்கிட்ட சொன்ன?” என்றார் மேனேஜர். தாஸ் மாமா திரும்பி எங்கள் வாசலைப் பார்த்தார். அப்பா அங்கே நின்றிருந்தார். தாஸ் மாமா ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை.

அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சாவி இப்போது அப்பாவின் இடுப்பில்.

பம்புக்குக் கீழே குழாயைக் கழுவிவிட ஒரு வாய் இருக்கிறது. டிபன் கொண்டுபோனபோது பார்த்திருக்கிறேன். அதில் ஹோஸை மாட்டினால் மூடியைத் திறக்காமலே தொட்டிக்குத் தண்ணீர் அனுப்பலாம், சாவி தேவையில்லை. இது தாஸ் மாமாவுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. எனக்கு எதற்குத் தெரிகிறது என்றும் தெரியவில்லை.

டிசம்பர் 18

ஜெசிந்தா வீட்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டியிருக்கிறார்கள். விளக்குப் போடவில்லை.

பள்ளிக்கு நடக்கும்போது கேட்டாள்.

“சங்கவி, உங்க வீட்ல ஒரு பச்ச ஹோஸ் இருந்துச்சில்ல?”

“இல்லையே.”

“இருந்துச்சிடி. உங்க பாத்ரூம்ல கால் கழுவும்போது பாத்தன்.”

“அது கறுப்பு.”

அவள் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள். “ஓ, கறுப்பா?” என்றாள். அப்புறம் தமிழ்ப் பரீட்சைக்கு எந்தக் கட்டுரை வரும் என்று பேசிக்கொண்டு நடந்தோம்.

அது கறுப்பாகக்கூட இருந்திருக்கலாம்.

டிசம்பர் 19

அப்பா வந்து என் கட்டில் அருகே நின்றார். தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன். நோட்டு என் முதுகுக்கு அடியில் இருந்தது. வெகுநேரம் நின்றுவிட்டுப் போர்வையை என் கால்மேல் இழுத்துவிட்டுப் போனார். எனக்கு அப்பாவிடம் பயம் என்று இதுவரை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

டிசம்பர் 20

கலால் அதிகாரிகள் தொட்டியைப் பார்க்க வருகிறார்களாம். அதற்குள் நுரையை அள்ளி எடுத்துவிட வேண்டும் என்று மேனேஜர் தாஸ் மாமாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். “நீ ஊத்துன தண்ணி, நீயே எறங்கி அள்ளு. ஒழுங்கா செஞ்சா போலீசுக்குப் போகாம பாத்துக்கறன்.”

தாஸ் மாமா ஒத்துக்கொண்டாராம். ஜெசிந்தாவுக்குச் சந்தோஷம்கூட. “உள்பக்கத்து ஏணி வழியா எறங்கி, மேல எவ்ளோ தண்ணி, கீழ எவ்ளோ பாகுன்னு ஆளுங்க முன்னால காட்டுவாரு. எப்டி கலந்தாங்கன்னு வெளிய வந்துடும்டி.” நாளைக் காலை.

நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். தடுப்பு தட்டிதானே, எல்லாம் கேட்டது.

“மூடிய தெறந்து உள்ள பாக்கலாம்னு தீக்குச்சி கிழிச்சன். கைய உள்ள எறக்குன ஒடனே அணைஞ்சிடுச்சி. இன்னொண்ணு கிழிச்சன். அதுவும். தல கிர்ர்னு சுத்திடுச்சி.”

“காத்து அடிச்சிருக்கும்” என்றாள் அம்மா.

“உள்ள ஏதுடி காத்து?”



நாளை எனக்குக் கணக்குத் தேர்வு. முதல் பாடத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். கிணற்றில் இறங்கும் முன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்களே, தொட்டிக்கும் பார்ப்பார்கள். கட்டாயம் பார்ப்பார்கள். மேனேஜர் படித்தவர்.

டிசம்பர் 21

தேர்வு எழுதவில்லை. நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் அப்பா வேலைக்குப் போகவில்லை. ஜுரம் என்று சாவியை ஆளிடம் கொடுத்தனுப்பிவிட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தொட்டால் ஜுரம் இல்லை.

“அப்பா, தாஸ் மாமா இன்னிக்கு உள்ள எறங்கறாரு.”

அப்பா துண்டைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

“தீக்குச்சி அணைஞ்சிடுச்சின்னு சொன்னீங்களே.”

அம்மா ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள்.  “பரீட்சைக்குப் போடி. உனக்கு ஒண்ணும் தெரியாது. உங்கப்பன் உள்ள போயிட்டா நாம எங்கடி நிக்கறது?”

யூனிபார்மோடு ஆலை கேட்டுக்கு ஓடினேன். வாட்ச்மேன் தாத்தா குச்சியைக் குறுக்கே வைத்தார்.

“எங்க பாப்பா ஓடற?”

“தொட்டில கேஸ் இருக்கு தாத்தா. தாஸ் மாமாவ எறக்க வேணாம்னு சொல்லுங்க.”

“பாகுத் தொட்டில என்னா கேஸு? சமையல் கேஸா?” என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “யாரு சொன்னா ஒனக்கு?” என்றார்.

யார் சொன்னது? வாயைத் திறந்தேன். எங்கப்பா என்று வரவேண்டும். வரவில்லை. எப்போது மூடியைத் திறந்தார், எதற்கு இத்தனை நாள் சொல்லவில்லை, தண்ணீர் எப்படி வந்தது, எல்லாவற்றையும் அடுத்து அடுத்துக் கேட்பார்கள். தாத்தா குச்சியை எடுக்கவில்லை. “பரீட்ச பயமா? வீட்டுக்குப் போம்மா” என்றார்.

திரும்பி வந்து பின்கதவில் நின்றேன். சுவருக்கு மேலே தொட்டியின் தலை தெரியும். தாஸ் மாமா மேலே ஏறியிருந்தார். இடுப்பில் கயிறு. பக்கத்தில் ஆட்கள். மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்கள். விளக்கு எதையும் காணோம். கத்தினேன். கொதிகலனைச் சோதிக்கிறார்கள் என்று காலையிலிருந்து நீராவி இரைகிறது. என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

கதவோரப் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குழாயிடம் போனேன். சாக்கைப் பிய்த்தேன். மார்கழிப் பனியில் இந்தப் பிளாஞ்ச் திறந்தால் நல்ல பாகு சோம்பேறித்தனமாக நூல் விடும். இது அப்படி இருக்காது, பீறிட்டு அடிக்கும். ஆலையிலிருந்து எல்லோரும் ஓடி வருவார்கள். பார்க்கிற எவருக்கும் புரியும், யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம். இவ்வளவும் அப்போதே யோசித்தேனா, இப்போது எழுதும்போது தோன்றுகிறதா, தெரியவில்லை.

நட்டில் மாட்டித் திருப்பினேன். போல்ட்டும் சேர்ந்து சுற்றியது. அடுத்ததில் மாட்டினேன். அதுவும் சுற்றியது. தலையைப் பிடிக்க ஆள் வேண்டும். ஸ்பேனர் நழுவி என் கட்டைவிரல் நகத்தில் இறங்கியது.

பின்கதவு திறந்தது. அப்பா. துண்டு கீழே விழுந்திருந்தது. கையில் இன்னொரு ஸ்பேனர்.

முறுக்கிவிடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். குழாயை மறைத்துக்கொண்டு அதன்மேல் குனிந்தேன். “வேணாம்பா” என்றேன்.

அவர் சுவருக்கு மேலே தொட்டியைப் பார்த்தார். மூடி திறந்திருந்தது. தாஸ் மாமா ஏணியில் ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். அப்பா என் பக்கத்தில் மண்டியிட்டார். ஸ்பேனரை எடுத்துப் போல்ட்டின் தலையில் மாட்டி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார்.

“திருப்பு” என்றார்.

திருப்பினேன். அடுத்ததையும். பாகு விசிறிபோலப் பீறிட்டு எங்கள் கதவை, கொடியில் கிடந்த துணியை, ஜெசிந்தா வீட்டுச் சுவரை அடித்தது. தெருவில் ஓடியது. தண்ணீர் போலவே ஓடியது. யாரோ அலறினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிவரும் சத்தம். தொட்டிமேல் இருந்தவர்கள் கையை நீட்டிக் காட்டினார்கள். தாஸ் மாமாவைக் கயிற்றோடு வெளியே இழுத்தார்கள். அவர் மூடியருகே அப்படியே உட்கார்ந்துவிட்டார். தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்பா என் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டார். “உள்ள போ. நீ இங்க இல்ல. நாந்தான் தெறந்தன்.”

“அப்பா…”

“போடா கண்ணு.”

இரண்டு ஸ்பேனரையும் பிடித்துக்கொண்டு பாகில் நனைந்தபடி நின்றார். மேனேஜர் வந்ததும் சத்தமாகச் சொன்னார்: “தாஸ எறக்காதீங்க சார். உள்ள போனா பொணந்தான் வரும். பாக வித்துட்டு தண்ணி ஊத்தினது நானு.” ஜன்னல் வழியாகக் கேட்டேன். அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் ஜீப் வந்தது.

டிசம்பர் 22

எதற்காக அந்த ஸ்பேனரை எடுத்து வந்தார், முறுக்கவா, திறக்கவா? கதவுக்கும் குழாய்க்கும் நாலு எட்டுதான் தூரம். அதில் எந்த இடத்தில் முடிவு செய்தார்? தாஸ் மாமாவுக்காகவா, இல்லை நான் அங்கே இருந்ததாலா? நாள் முழுக்க இதையே யோசிக்கிறேன். கேட்க அவர் வீட்டில் இல்லை.

டிசம்பர் 25

ஸ்டெல்லா அத்தை கேக்கும் முறுக்கும் கொண்டுவந்தார். நாங்கள் கதவைத் திறக்கத் தயங்கினோம். உள்ளே வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அண்ணன் செஞ்ச தப்பு அண்ணனோட. ஆனா அன்னிக்கு அவரு கொழாவ தெறக்கலன்னா எம்புருசன் இல்ல. அத நான் மறக்க மாட்டன் அண்ணி. ஹோஸ் விசயத்தையும் மறக்க மாட்டன். ரெண்டும்தான்.”

அம்மா அழுதாள். ஃபிரிட்ஜை இன்று எடுத்துப் போய்விட்டார்கள். அது நின்ற இடத்தில் தரை வெளுத்திருக்கிறது.

ஜனவரி 10

குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பொங்கலுக்குள் வெளியூரில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போகிறோம். அப்பாவுக்கு இன்னும் ஜாமீன் கிடைக்கவில்லை. நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். பிளாஞ்சைப் புதுப் போல்ட்டு போட்டு இறுக்கியிருக்கிறார்கள்.

ஜெசிந்தா பின்கதவுக்கு வந்தாள். அன்றைக்குப் பிறகு இன்றுதான் பேச வந்தாள். குழாய் மேல் உட்கார்ந்து காலை ஆட்டினாள்.

“எங்கப்பா ஒண்ணு சொன்னாருடி.”

“என்னா?”

“அந்த போல்ட்ட ஒத்த ஆளால கழட்ட முடியாதாம். ஒருத்தர் தலைய புடிக்கணும், ஒருத்தர் நட்ட திருப்பணுமாம். உங்கப்பா மட்டும் எப்டி கழட்டனாருன்னு யோசிச்சிக்கினே இருக்காரு.”

நான் துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

“யாருடி இன்னொரு ஆளு?”

நீ அங்கே இல்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார். போலீசிலும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் துணியைக் கீழே வைத்துவிட்டு, கையை நீட்டிக் கட்டைவிரலைக் காட்டினேன். நகம் முழுவதும் கறுத்து, பாதி பெயர்ந்திருந்தது.

அவள் அதைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விடவில்லை.

“ஹோஸ் பச்சைதான்” என்றேன்.